தொண்டு நிறுவனத்துக்கு இலவசமாகப் படம் எடுக்கப் போகிறீர்களா?

"இலவசமாகப் படம் எடுத்துத் தருகிறேன்" என்று ஒரு தொண்டு நிறுவனத்திடம் போய்ச் சொன்னால், பெரும்பாலும் ஆண்டு விழாவுக்கு வரச் சொல்வார்கள். மேடையில் இருப்பவர்களை வரிசையாக எடுப்பீர்கள், பேசுகிறவரை எடுப்பீர்கள், கடைசியில் எல்லோரையும் நிற்க வைத்து ஒரு குரூப் போட்டோ. எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டுக் கொடுப்பீர்கள். அவர்களும் மனதார நன்றி சொல்வார்கள். அதோடு சரி. அந்தப் படங்களால் அந்த நிறுவனத்துக்கு ஒரு காசு கூட வந்திருக்காது.

நான் ஸ்டூடியோ வைத்துப் பிழைப்பவள். திருமணம், குழந்தைகள், அலுவலகங்களுக்கான முகப்படங்கள், இவைதான் என் வருமானம். அதற்கு வெளியே ஒவ்வோர் ஆண்டும் சில நாட்களைத் தொண்டு நிறுவனங்களுக்கென்று ஒதுக்கி வைக்கிறேன். அந்த நாட்களில் ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொள்வேன். இந்தப் படம் எந்த வழியாகப் பணம் கொண்டுவரப் போகிறது என்று தெரிந்த பிறகுதான் கேமராப் பையைத் திறப்பேன். உங்கள் உழைப்பு வீணாகாமல் அந்த நிறுவனத்தின் கணக்கில் பணமாக விழ வேண்டுமென்றால் நீங்களும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் யாரைப் பார்ப்பது, என்ன கேட்பது

அந்த அமைப்பு முறையாகப் பதிவு செய்ததா, ஆண்டுக் கணக்கை யார் கேட்டாலும் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இது ஒரு நாள் வேலை. உங்கள் படத்தை நம்பித்தான் யாரோ பணம் போடப் போகிறார்கள் என்பதால் அதைத் தவிர்க்கக் கூடாது.

அப்புறம், அங்கே பணம் கேட்கும் வேலையைச் செய்பவர் யார் என்று விசாரியுங்கள். தலைவரைச் சொல்லவில்லை. நன்கொடையாளர்களுக்குக் கடிதம் எழுதுபவர், ரசீது போடுபவர், போன வருடம் கொடுத்தவர் இந்த வருடம் ஏன் கொடுக்கவில்லை என்று கவலைப்படுபவர் ஒருவர் இருப்பார். சிறிய அமைப்பாக இருந்தால் பொருளாளரே அதையும் பார்ப்பார். அவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். போன ஆண்டு பணம் எப்படி வந்தது? கடிதம் போட்டுக் கேட்டா, நிகழ்ச்சி நடத்தியா, ஒரு பெரிய கம்பெனியிடமிருந்தா, இணையதளத்தில் சிறுகச் சிறுகவா? அடுத்து எப்போது கேட்கப் போகிறீர்கள்? கடைசியாக அனுப்பிய கடிதத்தைக் காட்ட முடியுமா?

அந்தக் கடிதத்தைப் பார்த்தாலே பாதி வேலை தெரிந்துவிடும். பெரும்பாலும் அதில் கட்டடத்தின் படம் இருக்கும், அல்லது பெரிய மனிதர் ஒருவர் ரிப்பன் வெட்டும் படம். யாருக்கு உதவி போகிறதோ அவர் இருக்க மாட்டார்.

பிறகு ஒவ்வொரு படத்தைப் பற்றியும் மூன்று கேள்வி. எங்கே வரும்? யார் பார்ப்பார்கள்? பார்த்தவர் என்ன செய்ய வேண்டும்? பதிலைப் பொறுத்து நீங்கள் எடுக்கும் விதமே மாறிவிடும். இணையதள முகப்புக்கு என்றால் அகலவாக்கில் எடுத்து, ஒரு பக்கம் வெறுமையாக விட வேண்டும். எழுத்தும் 'நன்கொடை தருக' பட்டனும் அங்கேதான் உட்காரும். கைபேசியில் பார்க்கும் பதிவு என்றால் உயரவாக்கில், முகம் பெரிதாக. அச்சுச் சுவரொட்டி என்றால் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏ3 தாளை 300 பிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) அச்சிட 4961 × 3508 பிக்சல் வேண்டும், அதாவது சுமார் 17 மெகாபிக்சல். 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படத்தைப் பாதியாக க்ராப் செய்துவிட்டு ஏ3 சுவரொட்டிக்குக் கொடுத்தால் இந்த அளவு வராது. இது முன்பே தெரிந்தால் சட்டகத்தை இறுக்கமாக வைத்தே எடுத்துவிடலாம்.

ஒரே ஒரு முகம்

'எங்களால் ஆயிரம் குடும்பங்கள் பயனடைகின்றன' என்பது எந்த நிறுவனத்துக்கும் பெருமையான விஷயம். அதனால் ஆயிரத்தையும் ஒரே படத்தில் காட்டச் சொல்வார்கள். கூட்டத்தைப் பார்த்து யாரும் பணப்பையைத் திறப்பதில்லை. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. ஒரு சாராருக்குப் பஞ்சத்தைப் பற்றிய புள்ளிவிவரங்களைக் கொடுத்தார்கள். இன்னொரு சாராருக்கு ஒரு சிறுமியின் படத்தையும் பெயரையும் அவளைப் பற்றி இரண்டு வரியையும் கொடுத்தார்கள். சிறுமியைப் பார்த்தவர்கள் கொடுத்த தொகை இரண்டு மடங்குக்கும் அதிகம். அவளுடைய படத்தோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது தொகை குறைந்துபோனது. நிறுவனத்தாரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். எண்ணிக்கை ஆண்டறிக்கையில் இருக்கட்டும், கடிதத்தின் முதல் பக்கத்தில் ஒருவர் போதும்.

அந்த ஒருவர் அழ வேண்டுமா? இதைப் பற்றி நேர்மையாகவே பேசிவிடலாம். சோகமான முகம் சிரித்த முகத்தைவிட அதிக நன்கொடை கொண்டுவருகிறது என்று 2009இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதனால் 'கொஞ்சம் சோகமாக இருக்கச் சொல்லுங்கள்' என்று உங்களிடம் யாராவது நிச்சயம் சொல்வார்கள். நான் செய்ய மாட்டேன். நீங்களும் செய்யாதீர்கள். 1984 அக்டோபரில் எத்தியோப்பியப் பஞ்சத்தைக் கென்ய ஒளிப்பதிவாளர் முகமது அமீனின் கேமரா உலகத்துக்குக் காட்டியது. அடுத்த ஆண்டு ஜூலையில், பஞ்ச நிவாரணத்துக்கு நிதி திரட்டிய லைவ் எய்ட் இசை நிகழ்ச்சி வரை அது போனது. பணம் பெரிதாகத் திரண்டது உண்மை. ஆனால் அதற்குப் பின் பல நிறுவனங்கள் ஒரே மாதிரி எலும்பும் தோலுமான உடல்களையே காட்டிக்கொண்டிருந்ததால் எழுந்த கேள்விகளும் உண்மை. ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் 1989இல் படங்களுக்கென்றே ஒரு நடத்தை நெறியை வகுத்ததற்கு அந்தக் கேள்விகள்தான் காரணம்.

என் வழி இதுதான். முகத்தில் எந்த உணர்ச்சியையும் நான் கேட்டு வாங்குவதில்லை. அவர் தன் வேலையில் இருக்கும்போது, யோசனையில் இருக்கும்போது, நம்மை நேராகப் பார்க்கும்போது எடுக்கிறேன். சிரிக்காத முகத்துக்கே ஒரு கனம் உண்டு, அதைச் சோகமாக்கிக் காட்டத் தேவையில்லை. மேலிருந்து கீழே பார்க்கும் கோணத்தை அறவே விட்டுவிடுங்கள். கட்டிலில் இருப்பவரானாலும் தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையானாலும் உங்கள் லென்ஸ் அவருடைய கண் மட்டத்துக்கு இறங்க வேண்டும். இந்த ஒன்றைச் செய்தாலே படத்தின் குணம் மாறிவிடும்.

சம்மதம் கேட்பது

உதவி பெறுகிறவரிடம், உதவி செய்கிறவர் பக்கத்தில் நின்றுகொண்டு 'ஒரு போட்டோ எடுக்கலாமா?' என்று கேட்டால் அவர் மறுப்பாரா? மறுக்க முடியாத இடத்தில் கேட்டு வாங்குவது சம்மதம் ஆகாது. அதனால் நிறுவன ஆள் யாரையாவது கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டு நான் தனியாகக் கேட்பேன். கேமரா அப்போது பைக்குள் இருக்கும். மறுத்தாலும் அவருக்குக் கிடைக்கும் உதவி நிற்காது என்பதை முதலில் சொல்வேன். அந்த வாக்குறுதியை நிறுவனத்தாரிடம் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், நாமாகச் சொல்லக் கூடாது.

'விளம்பரத்துக்கு' என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. படம் வரப்போகும் பொருளின் மாதிரியைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். பெண்களுக்கான தையல் பயிற்சி மையம் ஒன்றில் ஓர் அம்மாவிடம் பழைய சுவரொட்டி ஒன்றை விரித்துக் காட்டினேன். அதுவரை "எடுத்துக்கோம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அதில் இருந்த முகத்தின் அளவைப் பார்த்ததும், "இவ்வளவு பெருசா ரோட்டுல நிக்குமா? அப்ப மூஞ்சி வேண்டாம்" என்றார். சரி என்று அவருடைய கைகளை எடுத்தேன். துணியை ஊசிக்கு அடியில் தள்ளும் இரண்டு கை, கழுத்திலிருந்து தொங்கும் அளவு நாடாவின் நுனி, விரலில் பல வருடத்துக் காய்ப்பு. ஜன்னல் ஒளி பக்கவாட்டில் விழுந்ததால் அந்தக் காய்ப்பு தெளிவாகத் தெரிந்தது. அந்த ஆண்டு நன்கொடைக் கடிதத்தின் முதல் பக்கத்தில் வந்தது அந்தப் படம்தான். முகம் இல்லாமலும் ஒருவரைக் காட்டலாம். கை, முதுகு, நிழல், அவர் செய்த பொருள், எதிலும் அவர் இருப்பார்.

எடுத்த பிறகு படத்தை அவருக்குக் காட்டி, எது போகலாம் எது வேண்டாம் என்று கேளுங்கள். வேண்டாம் என்றதை அங்கேயே அழியுங்கள். ஒப்புதல் படிவம் அவருக்குத் தெரிந்த மொழியில், ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். அதன் ஒரு பிரதி அவர் கையில் இருக்க வேண்டும், மனம் மாறினால் யாரிடம் சொல்வது என்ற தொலைபேசி எண்ணோடு. இணையத்தில் இருப்பதை எடுத்துவிடலாம், அச்சாகிப் போனதைத் திரும்பப் பெற முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். குழந்தை என்றால் பெற்றவரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். அவர் கையெழுத்திட்டும் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வன்முறைக்குத் தப்பி வந்தவர்கள் தங்கும் இடம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஜன்னலுக்கு வெளியே தெரியும் கடைப் பலகை, பள்ளிச் சீருடையின் சின்னம், வீட்டு எண், இதெல்லாம் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். படக் கோப்புக்குள் கைபேசியும் சில கேமராக்களும் எழுதி வைக்கும் ஜிபிஎஸ் தகவலும் அப்படித்தான். எக்ஸ்போர்ட் செய்யும்போது 'இடத் தகவலை நீக்கு' என்ற பெட்டியில் டிக் போட மறக்காதீர்கள்.

முகப்பட நாள்

நேரடியாகப் பணம் வரும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கூடம், ஒரு கேமரா. மக்கள் முன்பதிவு செய்து வருகிறார்கள், நிறுவனத்துக்கு ஒரு தொகை கொடுக்கிறார்கள், அதற்கு ஒரு நல்ல முகப்படம் அல்லது குடும்பப் படம் வாங்கிப் போகிறார்கள். பணம் கொடுக்கிறவருக்குக் கையில் ஒரு பொருள் கிடைக்கிறது. அடுத்த தடவை அந்த நிறுவனம் கடிதம் போட்டால் அவர் பிரித்துப் படிப்பார்.

தொகை எவ்வளவு என்பதை நிறுவனமே முடிவு செய்யட்டும். பணம் நேராக அவர்கள் கணக்குக்குப் போகட்டும், ரசீதும் அவர்களே கொடுக்கட்டும். ஒரு நோட்டு கூட உங்கள் கை வழியாகப் போகக் கூடாது. 'அப்புறம் சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன்' என்ற ஏற்பாடு எவ்வளவு நல்ல மனதோடு செய்தாலும் பின்னால் பேச்சுக்கு இடம் கொடுக்கும்.

ஒருவருக்கு 15 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் படம் எடுப்பது ஆறேழு நிமிடம்தான். மீதி வந்து உட்கார்ந்து, தலை சரி செய்து, படத்தைத் தேர்ந்தெடுக்கும் நேரம். ஒவ்வொரு மணி நேரத்திலும் கடைசி இடத்தைக் காலியாக விடுங்கள். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு எப்படியும் நேரம் கூடும், அது அந்த இடத்தில் போய்விடும். உதவிக்கு மூன்று பேர் வேண்டும். ஒருவர் வாசலில் பெயர் சரிபார்க்க, ஒருவர் ரசீது போட, ஒருவர் அடுத்து வருகிறவரைத் தயாராக வைத்திருக்க. இந்த மூன்றாவது ஆள்தான் அந்த நாளின் உயிர்நாடி. சட்டைக் காலரைச் சரி செய், கைபேசியைப் பையிலிருந்து எடு, கண்ணாடியைத் துடை என்று அவர் சொல்லிவிட்டால் நீங்கள் ஒளியை மட்டும் பார்க்கலாம்.

ஒளியை எளிதாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஜன்னல் இருந்தால் அதுவே போதும், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை தெர்மாகோல் அட்டை. ஜன்னல் இல்லையென்றால் ஒரு ஃபிளாஷ், ஒரு பெரிய குடை, நடுத்தர சாம்பல் நிறப் பின்னணி. காலையில் ஒருமுறை சரி செய்து, தரையில் டேப் ஒட்டி இடத்தைக் குறித்துவிட்டால் மாலை வரை அதைத் தொட வேண்டியதில்லை. மதியத்துக்கு மேல் ஜன்னல் ஒளி மாறும் என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

ஒவ்வொருவரும் உட்கார்ந்ததும் முதல் படம், அவருடைய ரசீது எண் எழுதிய தாளைக் கையில் பிடித்தபடி எடுங்கள். இரவில் எடிட்டிங்குக்கு உட்காரும்போது எந்தக் கோப்பு யாருடையது என்ற குழப்பமே வராது. மடிக்கணினியோடு கேமராவைக் கேபிளில் இணைத்து, அங்கேயே பெரிதாகக் காட்டி, பிடித்ததைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஒரு படம் தொகையில் சேர்த்தி, கூடுதல் படத்துக்குக் கூடுதல் தொகை என்று வைத்தால் பலர் அங்கேயே இரண்டாவதையும் எடுத்துக்கொள்வார்கள். திரையில் தன் குழந்தை சிரிக்கும்போது அதை அழிக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது. படம் எப்போது கிடைக்கும் என்று தேதி சொல்லி, அந்தத் தேதிக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

உதவி பெறுகிற குடும்பங்களுக்கும் அதே நாளில் இலவசமாக எடுத்து, பிரிண்ட் போட்டுக் கையில் கொடுக்கலாம். 2009இல் ஹெல்ப்-போர்ட்ரெய்ட் என்ற முயற்சி இந்த எண்ணத்தோடுதான் தொடங்கியது: அந்தப் படம் எடுத்தவரின் இணையதளத்துக்கோ விற்பனைக்கோ அல்ல, படத்தில் இருப்பவருக்குக் கொடுப்பதற்கே. அந்தக் கட்டுப்பாட்டை அப்படியே பின்பற்றுங்கள்.

ஏலம், பிரிண்ட் விற்பனை, நாட்காட்டி

விருந்து நிகழ்ச்சிகளில் நடக்கும் ஏலத்துக்கு 'ஒரு போட்டோ ஷூட்' கொடுக்கச் சொல்வார்கள். கொடுங்கள், ஆனால் வவுச்சரில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள்: எத்தனை பேர், எவ்வளவு நேரம், எத்தனை படம், பிரிண்ட் உண்டா, என்ன அளவு, எந்தத் தேதிக்குள் வர வேண்டும், வேறொருவருக்கு மாற்றித் தரலாமா. ஏலத்தில் ஜெயித்து வருகிறவரிடம் 'படம் பார்க்கலாம், வேண்டுமென்றால் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சொல்லும் பழக்கம் நம் தொழிலில் சிலரிடம் இருக்கிறது. அவர் நிறுவனத்துக்கு நல்ல மனதோடு கொடுத்த பணத்தைத் தன் வியாபாரத்துக்கு ஆள்பிடிக்கப் பயன்படுத்துவது அது. முழுதாகக் கொடுக்க முடிந்ததை மட்டும் கொடுங்கள். ஆண்டுக்கு எத்தனை வவுச்சர் என்பதையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். மேஜையில் வெறும் காகிதத்தை வைக்காமல், சட்டமிட்ட பெரிய பிரிண்ட் ஒன்றைப் பக்கத்தில் நிற்க வையுங்கள். ஏலம் கேட்கிறவருக்கு என்ன கிடைக்கும் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் சொந்தப் படங்களைப் பிரிண்டாக விற்றும் திரட்டலாம். 2020 ஏப்ரலில், கொரோனா உச்சத்தில் இருந்தபோது, நியூயார்க்கின் எல்ம்ஹர்ஸ்ட் மருத்துவமனைக்காகப் பல புகைப்படக்காரர்கள் சேர்ந்து இணையத்தில் பிரிண்ட் விற்றார்கள். எந்தப் படமானாலும் 150 டாலர், சில நாட்கள் மட்டும். 10 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. அந்த அமைப்பை நாம் சின்ன அளவில் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரே விலை, ஒரே அளவு, முடியும் தேதி. பிரிண்டைப் பணம் வந்த பிறகே போடுங்கள், கையில் சரக்குத் தேங்காது. தபால் செலவை விலையில் சேர்க்க மறந்தால் நிறுவனத்துக்குப் போக வேண்டிய பணம் அட்டைப்பெட்டிக்குப் போய்விடும்.

நாட்காட்டி அச்சடிப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. யார் விற்கப் போகிறார்கள் என்று தெரியாமல் அதில் இறங்காதீர்கள். படப்பிடிப்பை ஆண்டின் நடுவில் முடித்து, முன்பதிவை எண்ணி, அந்த எண்ணிக்கைக்கு மேல் கொஞ்சம் மட்டும் அச்சடிக்கலாம். ஜனவரி பிறந்துவிட்டால் மீதி எதுவும் விலை போகாது.

கறுப்பு நாயை எடுப்பது

விலங்குக் காப்பகங்களில் படம் செய்யும் வேலை கண்கூடாகத் தெரியும். நல்ல படம் இருந்தால் தத்தெடுக்க ஆள் வருவார், மாதாமாதம் ஒரு நாயின் தீனிச் செலவை ஏற்கவும் ஆள் கிடைப்பார். அதிலும் கறுப்பு நாய்கள்தான் படத்தில் அதிகம் ஏமாறுவது. கூண்டுக் கம்பிக்குப் பின்னால் எடுத்தால் கண்ணும் மூக்கும் பிரிந்து தெரியாத ஒரு இருட்டுத்தான் கிடைக்கும்.

முதலில் ஒரு சுற்று நடக்க விடுங்கள், கொஞ்சம் அடங்கும். பிறகு திறந்த கதவுக்கு ஓரடி உள்ளே, ஒளி பக்கவாட்டில் விழும்படி உட்கார வையுங்கள். அப்போதுதான் மயிரின் பளபளப்பில் உடம்பின் வடிவம் தெரியும். பின்னணி வெள்ளையாகவும் வேண்டாம், கறுப்பாகவும் வேண்டாம், நிழலில் இருக்கும் புல்லோ மங்கலான சுவரோ போதும். நாய் சட்டகம் முழுக்க இருந்தால் கேமரா இருட்டென்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கறுப்பு சாம்பலாகிவிடும். கேமரா தானாக முடிவு செய்யும் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் பக்கம் ஒரு ஸ்டாப்புக்குள் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). பின்னால் வெளிச்சமான வெட்டவெளி இருந்தால் நிலைமை தலைகீழ், அப்போது பிளஸ் பக்கம் போக வேண்டும். ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் கீழே இறங்க வேண்டாம். தரையில் படுத்துவிடுங்கள். கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் நாயின் முகத்தைக் கொஞ்சம் கதவுப் பக்கம் திருப்புங்கள்.

காதை நிமிர்த்தும் அந்தச் சத்தம் இருக்கிறதே, கிறீச்சிடும் பொம்மையோ உங்கள் நாக்குச் சத்தமோ, அதை எல்லாம் தயாரான பிறகே செய்யுங்கள். முதல் இரண்டு மூன்று தடவைதான் தலையைச் சாய்த்துப் பார்க்கும். அதற்கப்புறம் கண்டுகொள்ளாது.

படத்தை ஒப்படைக்கும்போது

நூற்றுக்கணக்கில் கொடுக்காதீர்கள். தேர்ந்தெடுப்பதும் உங்கள் வேலைதான். இருபது படம், ஒவ்வொன்றும் அச்சுக்கு ஒரு பெரிய கோப்பு, இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபியில் (திரைகளுக்கான பொதுவான வண்ண அமைப்பு) ஒரு சிறிய கோப்பு, கோப்பின் பெயரிலேயே தேதியும் விஷயமும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும்.

கேப்ஷனை நீங்களே எழுதிக் கொடுங்கள். லூயிஸ் ஹைன் என்ற அமெரிக்கர் 1908 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த குழந்தைகளைப் படம் எடுத்தார். குழந்தையின் பெயர், வயது, என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று சட்டைப் பைக்குள் கையை விட்டுக் குறித்துக்கொள்வாராம். உயரத்தைத் தன் கோட்டுப் பொத்தான்களை வைத்தே கணக்கிடுவாராம். அந்தக் குறிப்புகள் இருந்ததால்தான் அந்தப் படங்களை யாராலும் பொய் என்று தள்ள முடியவில்லை. நம் படத்துக்கும் அதுபோல் இரண்டு வரி வேண்டும். சம்மதம் கொடுத்தவர் எந்தப் பெயரில் வர விரும்புகிறாரோ அந்தப் பெயர், அவர் செய்வது என்ன, இந்த உதவியால் எது நடந்தது. 'ஏழைப் பெண்' என்று எழுதினால் அவர் யார் என்பதே காணாமல் போய்விடும்.

விழாவுக்கே போய் எடுத்தாலும் அதைப் பணமாக்க ஒரு வழி உண்டு. மேடையைக் குறைத்து, வந்திருக்கும் நன்கொடையாளர்களை எடுங்கள். உதவி பெற்ற ஒருவர் பேசும்போது கேட்டுக்கொண்டிருக்கும் அவர்கள் முகத்தை எடுங்கள். நல்ல பத்துப் படத்தை மறுநாள் காலையிலேயே கொடுத்துவிடுங்கள், அன்றே போகும் நன்றிக் கடிதத்தில் அவரவர் படம் இருக்கட்டும். அடுத்த ஆண்டு அவர் மறுபடி கொடுப்பதற்கு, என் அனுபவத்தில், வேண்டுகோள் கடிதத்தைவிட இந்த நன்றிக் கடிதம்தான் அதிகம் உதவுகிறது.

எழுத்தில் இருக்க வேண்டியவை

ஒரு பக்க ஒப்பந்தம் போதும். பதிப்புரிமை உங்களிடமே இருக்கும்; நிறுவனம் தன் வேலைக்கும் நிதி திரட்டவும் இத்தனை ஆண்டு பயன்படுத்தலாம்; பிறருக்கு விற்கவோ கொடுக்கவோ கூடாது. கடைசி வரி முக்கியம். நிகழ்ச்சிக்கு உதவிய கம்பெனி ஒன்று 'அந்தப் படத்தை எங்கள் விளம்பரத்தில் போட்டுக்கொள்கிறோம்' என்று கேட்கும். படத்தில் இருப்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. நிறுவனத்தாருக்கோ மறுக்கச் சங்கடமாக இருக்கும். ஒப்பந்தத்தைக் காட்டி 'புகைப்படக்காரர் அனுமதி இல்லை' என்று அவர்கள் தப்பித்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்ததும் முழுத் தொகையையும் எழுதி, அடுத்த வரியில் அதே தொகையைக் கழித்து, பூஜ்யம் காட்டும் பில் ஒன்றை அனுப்புங்கள். நீங்கள் கொடுத்தது எவ்வளவு என்று அவர்களுடைய குழுவுக்குத் தெரியும், அடுத்து வரும் புகைப்படக்காரரின் உழைப்பையும் மதிப்பார்கள். ஆனால் அந்தத் தொகைக்கு வரிச்சலுகை கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். அமெரிக்கா உட்படப் பல நாடுகளில் நேரத்துக்கும் உழைப்புக்கும் வரிக் கழிவு கிடையாது. கையிலிருந்து செய்த செலவின் நிலை நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் கணக்கரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாக் கோரிக்கைக்கும் சரி சொல்ல முடியாது. ஆண்டுத் தொடக்கத்திலேயே நாட்களை ஒதுக்கி, அவை தீர்ந்துவிட்டால் 'அடுத்த ஆண்டு முதலில் உங்களுக்கு' என்று சொல்லிவிடலாம். பத்து நிறுவனங்களுக்கு ஒவ்வொரு நாளாகப் போவதைவிட இரண்டு நிறுவனங்களோடு பல ஆண்டு இருப்பது மேல் என்பது என் எண்ணம். இரண்டாம் முறை போகும்போது அங்கிருப்பவர்களுக்கு உங்களைத் தெரியும், கேமராவைப் பார்த்து விறைத்துப்போக மாட்டார்கள்.

கடிதம் போய் ஆறு மாதம் கழித்து, பணம் கேட்கும் அந்த நபருக்கு ஒரு போன் செய்யுங்கள். எந்தப் படத்தைப் பயன்படுத்தினீர்கள், எதைப் பயன்படுத்தவே இல்லை, கடிதத்துக்கு எவ்வளவு பேர் பதில் கொடுத்தார்கள், போன முறையைவிடக் கூடியதா குறைந்ததா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். யாராவது தன் படத்தை எடுத்துவிடச் சொன்னார்களா என்றும் கேளுங்கள். சொல்லியிருந்தால் உங்கள் ஹார்டு டிஸ்கிலிருந்தும் அன்றே நீக்கிவிடுங்கள். அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டின் படப் பட்டியலைப் போட உட்காருங்கள்.